இருபத்தோராவது கார்னேஷன்

ஷ்டிப் ஊரில் பதினாறு வயதுப் பெண்கள் என்னென்ன செய்வார்களோ அதையெல்லாம் கலினாவும் செய்தாள். செய்துவிட்டு, அது சரியா தவறா என்று யோசித்தும் தொலைத்தாள். அதுதான் வினை. புருவத்தைத் திருத்திக்கொள்வாள், யாருக்காகத் திருத்தினேன் என்று அதே கண்ணாடி முன்னால் நின்று தன்னோடு தானே சண்டை போடுவாள். அம்மா பார்க்கும் துருக்கி சீரியலில் கதாநாயகன் காதலியின் கையைப் பிடித்து இழுத்தால், "இது காதலா? கடத்தல்!" என்று சோபாவிலிருந்து எழுந்து கத்துவாள். மறுநாள் கரண்டு போய் சீரியல் பார்க்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், "அவ கடைசில அவன்கூடப் போனாளா, இல்லையா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பாள்.

அவளுடைய அப்பா பிளாகோய் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன். வெள்ளிக்கிழமைதோறும் மண்சட்டியில் பீன்ஸ் வைத்து அடுப்பில் சுட்டுத் தருவார். ஆனால் தட்டில் போடும்போது, "இன்னிக்கு உங்கம்மாவுக்கு ஒத்தாசை பண்ணிட்டேன்" என்பார். அந்த ஒத்தாசை என்ற சொல் காதில் விழுந்ததும் கலினாவுக்குச் சுர்ரென்று ஏறும். "அப்பா, நீங்களும்தானே சாப்பிடறீங்க? உங்க வயித்துக்கு நீங்க சமைச்சா அது எப்படி அம்மாவுக்கு ஒத்தாசை?" என்று பிடித்துக்கொள்வாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாய்க்கொழுப்பு, வாய்க்கொழுப்பு!" என்பார். பீன்ஸ் அபாரமாக இருக்கும். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டபடியே அவள் அவரைக் கண்டித்துக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் கைபேசியில் வீடியோ போட ஒரு பக்கம் ஆரம்பித்தபோது, அதற்கும் 'வாய்க்கொழுப்பு' என்றே பெயர் வைத்தாள். சினிமா, பாட்டு, பள்ளிக்கூடத்தில் பெண்களின் பாவாடை நீளத்தை மட்டும் அளக்கிற வழக்கம், பேருந்தில் காலை அகட்டி உட்காரும் ஆண்கள் என்று ஒன்றையும் விடவில்லை. அதிகம் பேர் பார்த்தது ஒரு பாட்டைக் கிழித்துப் போட்ட வீடியோ. எல்லாக் கல்யாணத்திலும் அலறும் பாட்டு அது. 'நீ திறக்காவிட்டால் கதவை உதைப்பேன், எனக்காகத்தானே நீ உள்ளே இருப்பாய்' என்று ஒரு தாடிக்காரன் உருகுவான். "இதைப் போலீஸ்ல சொன்னா கேஸு, மைக்ல சொன்னா காதலா?" என்று கேட்டிருந்தாள் கலினா. நியாயமான கேள்விதான். ஆனால் குளியலறையில் அவள் முனகுவதும் அதே பாட்டுத்தான். கதவுக்கு வெளியே நின்று அப்பா ஒருநாள், "யாரும்மா உள்ள, கதவை உதைக்கட்டுமா?" என்று கேட்டுச் சிரித்தபோது அவளுக்கு வந்த அழுகையும் கோபமும் கொஞ்சநஞ்சமல்ல. பிடிக்காத பாட்டு எப்படி வாயில் ஒட்டிக்கொள்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

இது இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. மார்ச் எட்டு வந்து தொலைத்தது.

மார்ச் எட்டு, பெண்கள் தினம். ஊரே பூக்கடையாகிவிடும். வருஷம் பூராவும் பெண்டாட்டியிடம் சிரித்துப் பேசாதவன்கூட ஒற்றைக் கார்னேஷனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அம்மா ரட்கா வேலை பார்க்கும் தையல் ஃபாக்டரியில் காலையில் முதலாளி த்ராய்ச்சே வாசலில் நின்று ஆளுக்கொரு பூ கொடுப்பார். ஷிஃப்ட் முடிந்ததும் ஆற்றங்கரை ஓட்டலில் அவர் செலவில் விருந்து. பெண்களுக்கு மட்டும். முதலாளி வந்து வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், அதுதான் முறை. அதற்கப்புறம் ரக்கியா சாராயம் என்ன, பாட்டு என்ன, மேஜைமேல் ஏறி ஆட்டம் என்ன! அன்றைக்கு ஊரிலுள்ள ஆண்பிள்ளைகளெல்லாம் வீட்டில் ஆறின சோற்றைத் தின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள்.

கலினா ஒரு வாரம் முன்னாலேயே வீடியோ போட்டாள். "வருஷம் முழுக்க சனிக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடுவாங்க. மார்ச் எட்டுன்னா ஒரு பூ. எதுக்கு? வாயை அடைக்க! வாங்காதீங்க. கையில திணிச்சாங்கன்னா, கொண்டுபோய் அவங்க வாசல்லயே வச்சுட்டு வாங்க!"

அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கலினா உள்ளே வந்ததும் கையிலிருந்த இலையை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏன்டி, உனக்கு வேற வாசலே கிடைக்கலையா?"

"நான் பொதுவாத்தாம்மா சொன்னேன்."

"பொதுவா! சனிக்கிழமை, ஃபாக்டரி, பூ. இந்த ஊர்ல பொதுவா எத்தனை த்ராய்ச்சே இருக்கான்?" அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "பழைய சூப்பர்வைசர் ரிட்டயர் ஆகிட்டா. அந்த இடத்துக்கு என்னைத்தான் மனசுல வச்சிருக்கான். 'எட்டாம் தேதி விருந்துல சொல்றேன் ரட்கா'ன்னு சிரிச்சான். இந்த ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா உனக்கு என்ன கொள்ளை போகுது?"

"அவர் போடற பிச்சையா அது? பதினெட்டு வருஷம் வேலை பார்த்திருக்கே, உன் உரிமைம்மா!"

"பிச்சையோ உரிமையோ, எனக்குப் பேர் முக்கியமில்ல. பதினெட்டு வருஷமா ஓவர்லாக் மெஷின்ல குனிஞ்ச கழுத்துடி இது. சூப்பர்வைசர் நின்னுக்கிட்டு வேலை பார்ப்பா. எனக்கு நிக்கணும். அவ்வளவுதான்."

பதினெட்டு வருஷக் கழுத்து ஒரு பக்கம், தன் கொள்கை ஒரு பக்கம். வீடியோவை எடுத்துவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனாள். எடுத்தால் பயந்தவள் ஆகிவிடுவாளே? ஃபாக்டரிப் பெண்கள் யார் தன் வீடியோவைப் பார்க்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள். அந்தச் சமாதானத்தில் அவள் ஒரே ஒருத்தியைக் கணக்கில் சேர்க்காமல் போனாள்.

அந்த ஒருத்தி பாவ்லினா. அம்மாவுக்குப் பக்கத்து மெஷின்காரி. அவள் தும்மினால் அந்தத் தையல் லைன் முழுக்கச் சளி பிடிக்கும் என்பார்கள். கலினாவின் வீடியோவை அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். எட்டாம் தேதி காலையில் முதலாளியிடம் எல்லோரையும்விட அகலமாகச் சிரித்துப் பூ வாங்கியவளும் அவள்தான். "உங்கம்மா ஆத்மா சாந்தியடையட்டும் முதலாளி" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். அவர் தலை மறைந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய்ப் பூவைத் திரும்ப வாங்கியவளும் அவளேதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாத கலினாவுக்குப் படம் வந்தது. முதலாளியின் அறைக்கதவு, கதவடியில் வாளி, வாளி நிறையச் சிவப்புக் கார்னேஷன். கீழே பாவ்லினா எழுதியிருந்தாள்: 'உன் வாய்க்கொழுப்பு எங்க லைனுக்கும் ஒட்டிக்கிச்சுடி தங்கம்!'

கலினா துள்ளிக் குதித்தாள். தான் சொன்னதை ஒருத்தி, இரண்டு பேரல்ல, ஒரு லைனே செய்திருக்கிறது! படத்தைத் தன் பக்கத்தில் போட்டாள். இதயக் குறிகள் வந்து குவிந்தன. அப்பாவிடம் ஓடிப்போய் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், சிரிக்கத்தான் வந்தார், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. விரலால் எண்ண ஆரம்பித்தார்.

"கலினா, இதுல எத்தனை பூ இருக்கு?"

"எத்தனை இருந்தா என்ன?"

"இருபது." அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "கடவுளே, இருபது! ரெட்டைப்படைல பூவை யாருக்குடி வைப்பாங்க?"

அப்போதுதான் கலினாவுக்கு நினைவு வந்தது. செத்தவர்களுக்கு. ஒற்றைப்படை உயிரோடிருப்பவர்களுக்கு, இரட்டைப்படை கல்லறைக்கு. ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். சின்ன வயதில் அத்தைக்கு இரண்டே இரண்டு டெய்சி பறித்துக்கொண்டு போய்க் கலினாவே முதுகில் அடி வாங்கியிருக்கிறாள்.

"ஜனவரியிலதான் அந்தாள் அம்மாவை அடக்கம் பண்ணினாங்க" என்றார் அப்பா. "நான்தான் ரொட்டி கொண்டுபோய் இறக்கினேன். நாப்பதாம் நாள் முடிஞ்சு முழுசா ஒரு மாசம் ஆகல. அவன் வாசல்ல இருபது பூ!"

கலினா படத்தை அழித்தாள். அழித்து என்ன, ஊரெல்லாம் பார்த்தாகிவிட்டது. லைனில் மொத்தம் இருபத்தொரு பேர் என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் ஒரு பூ எங்கே?

அது மூன்றரை மணிக்கு வீட்டுக்குள் வந்தது, அம்மாவின் கோட்டு மேல்பொத்தானில் செருகிக்கொண்டு.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் ரட்கா.

"அம்மா, உன் பூவை நீ வாளில போடலையா?"

"ஏன் போடணும்? பாவ்லினா வாளியை நீட்டினா. 'உன் வயித்தெரிச்சலுக்கு என் சூப்பர்வைசர் வேலையைப் பலி குடுக்க மாட்டேன்'னு சொல்லிட்டேன். வச்சுக்கிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றே?"

அப்பா எண்ணிக்கையைச் சொன்னார். அம்மா மெதுவாகக் கோட்டைக் கழற்றினாள், பூ பொத்தானிலேயே இருந்தது. அவளும் போட்டிருந்தால் அது இருபத்தொரு பூ. மரியாதைக் குறைவுதான், ஆனால் சாபமில்லை. ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று அவள் ஒருத்தி வைத்துக்கொண்ட பூதான் அந்த வாளியைச் சாவுவீட்டு வாளியாக்கியிருந்தது. இதில் யார்மேல் தப்பு? வீடியோ போட்ட தன்மேலா, வாளியைத் தூக்கின பாவ்லினாமேலா, பூவை வைத்துக்கொண்ட அம்மாமேலா? கலினா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு எண்ணிப் பார்க்கப்போறா?" என்றாள் அம்மா கடைசியில். குரலில் நம்பிக்கையே இல்லை. கார்னேஷனை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். "கிளம்பு. இந்த வருஷம் உன்னையும் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். வந்து தொலை."

ஆற்றங்கரை ஓட்டலில் நீள மேஜை போட்டிருந்தார்கள். வெள்ளைப் பாலாடைக்கட்டி துருவிய சாலட், சிவப்பு மிளகாய் அய்வார் துவையல், கோஸ் சுருள், நடுநடுவே ரக்கியா. கிளாரினெட்காரனும் டிரம்காரனும் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பெண்களும் உதட்டுச் சாயம் பூசி, குதிகால் செருப்பு மாட்டி வந்திருந்தார்கள். யாருக்காக இதெல்லாம் என்று கேட்கக் கலினாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அங்கேதான் ஆண்களே இல்லையே! அந்தக் கேள்வியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாலட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதோ வந்துட்டா நம்ம தலைவி!" என்று பாவ்லினா அவளைக் கட்டிக்கொண்டாள். "என்னடி முகம் தொங்குது?"

"அத்தை, பூவை எண்ணினீங்களா?"

"எதை எண்ணறது..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. ரட்காவின் கொண்டையைப் பார்த்தாள். "ஐயய்யோ" என்றாள்.

அப்போது த்ராய்ச்சே உள்ளே வந்தார். கையில் அதே பிளாஸ்டிக் வாளி. துக்கத்துக்கான கறுப்புச் சட்டை, சவரம் செய்யாத தாடி. வாளியை மேஜை நடுவில் அய்வார் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். டிரம் நின்றது.

"இருபது" என்றார். "மூணு தடவை எண்ணிட்டேன். பூ வேணாம்னா குப்பையில போட்டிருக்கலாம். அது என் மூஞ்சிக்கு. இது எங்கம்மாவுக்கு." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா உங்களுக்கு என்ன பண்ணினா? உங்க குழந்தைகளுக்கு அவ சட்டை தைச்சுக் குடுத்திருக்கா. யார் யோசனை இது? சொல்லுங்க. சொல்லலைன்னா இனிமே ஒருத்திக்கும் ஒரு சனிக்கிழமை லீவு கிடையாது."

கலினா மனதில் முதலாளி என்றால் தொந்தி, சுருட்டு, திமிர். கண்ணில் தண்ணீரோடு நிற்கும் முதலாளியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பாவமாக இருந்தது. அந்த ஆளே அதே மூச்சில் சனிக்கிழமையைப் பிடுங்குகிறான், அதற்கு எரிச்சலாகவும் இருந்தது. பாவ்லினா சாலட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலினா எழுந்தாள்.

"நான்தான். பூவைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி வீடியோ போட்டேன். ஆனா உங்கம்மாவை நினைச்சு இல்ல, சத்தியமா."

"நீ யாரு?"

"ரட்காவோட பொண்ணு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அம்மாவின் வேலை தன் வாயாலேயே போய்விட்டதே! த்ராய்ச்சே ரட்காவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, மனம் விட்டுப்போன மாதிரி பார்த்தார். "ரட்கா... நீயா?"

அம்மா எழுந்தாள். இப்போது சொல்லலாம். முதலாளி, நான் மட்டும்தான் உங்க பூவை வச்சுக்கிட்டேன், இதோ கொண்டையில இருக்கு பாருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவளுக்கு. கலினா மனசுக்குள், சொல்லும்மா, சொல்லு என்று கெஞ்சினாள். கொள்கையாவது மண்ணாவது, சொல்லித் தொலை! ஆனால் அதைச் சொன்னால் மற்ற இருபது பேரும் சேர்ந்து சாவுப்பூ வைத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

அம்மா கொண்டையிலிருந்து கார்னேஷனை உருவி வாளிக்குள் செருகினாள்.

"இருபத்தொண்ணு ஆச்சு. லைன்ல இருபத்தொரு பேர், இருபத்தொரு பூ. யாரும் உங்கம்மாவுக்கு வைக்கல முதலாளி. அவங்க நல்லவங்க, சொர்க்கத்துல இருப்பாங்க. என் ஒண்ணு குறைஞ்சதால வந்த வினை இது."

த்ராய்ச்சே வாளியைப் பார்த்தார். தோள் கொஞ்சம் இறங்கியது. அப்புறம்தான் கணக்கின் மறுபக்கம் அவருக்குப் புரிந்தது. "அப்போ இருபத்தொரு பேருக்கும் என் பூ வேணாம். உனக்கும்."

"எண்ணிக்கை சரியாப் போச்சுல்ல, முதலாளி" என்றாள் அம்மா.

"போச்சு" என்றார் அவர். "சனிக்கிழமை விஷயத்தை விடறேன். சூப்பர்வைசர் பேரை இன்னிக்குச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். வர்ற வழியில ஒரு பேர் வச்சிருந்தேன்." மேஜை நெடுகப் பார்த்தார். "காலையில இத்தனை பேர்ல ஒருத்திதான் சிரிச்ச முகத்தோட பூ வாங்கினா. எங்கம்மாவை நினைச்சு ஒரு வார்த்தை சொன்னா. பாவ்லினா, திங்கட்கிழமையிலிருந்து நீ."

பாவ்லினாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு கோணல். வாளியைத் தூக்கினவளே அவள்தான் என்று மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், முதலாளி ஒருவரைத் தவிர. ஒருத்தி சொல்லட்டுமே! கலினா வாயைத் திறந்தாள். அம்மா மேஜைக்கு அடியில் அவள் காலை நறுக்கென்று மிதித்தாள். முதலில் கை தட்டினதும் அம்மாதான். த்ராய்ச்சே வாளியோடு வெளியேறினார்.

"ரட்கா, நான்..." என்றாள் பாவ்லினா.

"வாயை மூடு. நன்றி சொன்னா அடிப்பேன்." அம்மா ஒரே மடக்கில் ரக்கியாவைக் குடித்துவிட்டு, டிரம்காரனைப் பார்த்து, "அந்தக் கதவுப் பாட்டை வாசிப்பா!" என்று கத்தினாள்.

கலினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாட்டா? இன்றைக்கா? எல்லோரும் எழுந்து கைகோர்த்து வட்டமாக நின்றார்கள். அம்மா முதல் ஆளாக நின்று கைக்குட்டையைச் சுழற்றினாள். 'நீ திறக்காவிட்டால் கதவை உதைப்பேன்' என்று டிரம்காரன் பாடியதும் இருபத்தொரு பெண்களும் கூரை பிய்ந்துபோகும்படி ஒரே குரலில் கத்தினார்கள்:

"வீட்ல ஆளில்ல, போடா!"

பாட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. கலினா அந்தப் பாட்டை வரி வரியாக அலசியவள், அவளுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் இவர்கள் இங்கே இப்படித்தான் பாடுகிறார்கள் போலிருக்கிறது. பாவ்லினாதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள், கண்மை கன்னத்தில் வழிய. கலினாவின் கால் தானாக வட்டத்துக்குள் போயிற்று. அடுத்த முறை அந்த இடம் வந்தபோது அவளும் கத்தினாள். கத்தும்போது அழுகையும் வந்தது, யாருக்காக என்று மட்டும் தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கலினா கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

"பாவ்லினா அத்தை எப்படி இருக்காங்க?"

"எப்படி இருப்பா? நிக்கறா. 'சீக்கிரம், சீக்கிரம்'கறா. என் மெஷின் பக்கம் வந்தா மட்டும் சத்தத்தைக் குறைச்சுக்கறா."

"ஏம்மா பூவைக் குடுத்தே? நீ எங்க பக்கம் வந்துட்டியா, இல்ல எண்ணிக்கைக்காகவா?"

"எனக்கென்னடி தெரியும்? கை போயிடுச்சு, குடுத்துட்டேன். மேல, இன்னும் மேல தேய்."

"அந்த வீடியோவை அழிச்சுடட்டுமா?"

"இருக்கட்டும். அதுல உன் தலைமுடிதான் சகிக்கல." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணு யோசிச்சு வை. பாவ்லினா இடத்துக்கு அவன் புதுசா ஆள் போட மாட்டான், கஞ்சன். இனிமே லைன்ல நாங்க இருபது பேர்தான். அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்து பூவைத் திருப்பிக் குடுத்தாலும் அது சாவுக் கணக்குதான்."

கலினாவின் கை நின்றது. "அப்போ ஒருத்தி வச்சுக்கணும்."

"ஆமா. யாரு?"

கலினா யோசித்தாள். தைலம் விரலில் எரிந்தது. அம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள், வெறுமனே கேட்கவில்லை, நிஜமாகவே காத்திருந்தாள்.

"தெரியலம்மா" என்றாள் கலினா.